மீட்டு வந்த பசு

தாத்தாவுக்குத் தாத்தா பிறக்காத காலம். மஞ்சளாற்று நாட்டை ஆதனழகன் என்றொரு மன்னன் ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மாற்றிச் சொல்வான். இரண்டுக்கும் சபை தலையாட்டும். அமைச்சர் சேந்தனார் மட்டும் தலையாட்டாமல் தாடியைத் தடவுவார்.

பக்கத்து வெண்குன்ற நாட்டோடு சமாதான ஓலை எழுதவிருந்த வாரத்தில்தான் அரண்மனைப் பசுக்கள் முந்நூறும் காணாமல் போயின. "வெண்குன்றத்தார் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்," என்றார் படைத்தலைவர் வில்லவராயர். சமாதானம் வந்தால் அவருக்கு வேலை இல்லை. அன்றே போர் முரசு அறைந்தார்கள்.

சேந்தனார் தொழுவத்தைப் போய்ப் பார்த்தார். ஒரு கன்றுகூட இல்லை. மாடு திருட வந்த எதிரி, தறியில் கட்டிய கன்றுகளையும் நின்று நிதானமாக அவிழ்த்துக்கொண்டா போவான்? அவருக்குச் சந்தேகம் வந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

போர் ஆறு மாதம் இழுத்தது. பசுவுக்காகத் தொடங்கியது மானத்துக்காக என்றானது. பிறகு, செத்தவர்களுக்காக என்றானது. "இன்னும் பத்தே நாள்," என்று பத்து நாளுக்கொருமுறை வில்லவராயர் ஓலை அனுப்பினார்.

ஏழாம் மாதம் அவரே சபைக்கு வந்தார். கூடவே மாலை போட்ட பசு ஒன்று.

"வெற்றிக்குச் சாட்சி, மன்னா. எதிரியிடமிருந்து மீட்டு, மூன்று நாள் நடத்திக் கொண்டுவந்தேன். எதிரிக் கோட்டைக்குள் புல்கூட இல்லை, மரப்பட்டையைத் தின்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் கொடுங்கள், முடித்துவிடுகிறேன்."

மன்னன் முத்திரையைக் கையில் எடுத்தான். சேந்தனார் எழுந்து பசுவைச் சுற்றி வந்தார்.

"புல்லே இல்லாத ஊரில் இது எதைத் தின்று இப்படிக் கொழுத்தது, படைத்தலைவரே?"

"அமைச்சருக்கு மாட்டு வைத்தியமும் தெரியுமோ?" சபை சிரித்தது.

"தெரியாது. மடி கனத்திருப்பது மட்டும் தெரிகிறது. கறவை நேரம். கயிற்றை அவிழ்த்துவிட்டால் கறக்கும் இடத்துக்குத் தானே போகும். நம் தொழுவத்துக்குப் போனால் முத்திரை இடுங்கள், மன்னா."

"போனால், முதல் ஆள் நீர்தான். அறுபது வயதில் ஈட்டி பிடிப்பீரா?" என்றான் மன்னன்.

"பிடிக்கிறேன்."

"களைத்த மாடு, மன்னா. நாளைக்குப் பார்க்கலாமே," என்றார் வில்லவராயர். வேடிக்கை என்றால் மன்னனுக்கு உயிர்; உடனே அவிழ்க்கச் சொன்னான்.

மன்னனும் சபையும் பின்தொடர, பசு அரண்மனைத் தொழுவத்தைத் தாண்டியது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று தெரு கடந்து, வில்லவராயரின் தோட்டக் கதவைக் கொம்பால் இடித்தது. கதவைத் திறந்த வேலைக்காரி மன்னனைக் கவனிக்கவில்லை.

"எங்கடி ஊர் சுத்தப் போன? காலையிலேருந்து கன்னு கத்திக்கிட்டுக் கெடக்கு."

உள்ளே மற்றப் பசுக்கள் எல்லாம் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

மன்னன் அங்கேயே தீர்ப்புச் சொன்னான். வில்லவராயர் வாளைக் கொடுத்துவிட்டு மாட்டுக்கோலை வாங்கிக்கொண்டார். முந்நூறையும் வெண்குன்றத்துக்கு ஓட்டிப்போய்க் கொடுத்து, கோட்டை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். படை திரும்ப ஓலை போனது. சேந்தனாருக்கு முத்துமாலை.

"நீர் சந்தேகப்பட்டீர். எனக்கு ஏன் தோன்றவில்லை, அமைச்சரே?"

"பசு போன மறுநாளும் அரண்மனையில் பால் குறையவில்லை, மன்னா. படைத்தலைவர் வீட்டிலிருந்து குடம் குடமாக வந்தது. அவருக்கு ஏது இவ்வளவு பால் என்று தாங்கள் கேட்கவில்லை. நானும் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்."

மறுநாள் காலை அரண்மனையில் பாலுக்குப் பதில் நீராகாரம். மன்னனும் அதையே குடித்தான்.