சீனனுக்குப் புரியாத சீனன்

முன்னொரு காலத்தில் முத்தங்கரை என்ற கடலோர நாட்டைச் செண்டலங்காரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் யானைமேல் ஏற்றிய ஆளை மாலையில் அதே யானையின் காலடியில் போடச் சொல்லுவான், அப்படியொரு குணம். அவனிடம் அமைச்சராக மாட்டிக்கொண்டவர் பொன்னம்பலக்கூத்தர். புத்திசாலி என்று பெயர் வாங்கிவிட்டதால் பாவம், அந்த மனிதருக்கு ஒருநாளும் நிம்மதி கிடையாது.

ஒரு புயலில் கப்பல் உடைந்து சீன மாலுமி ஒருவன் கரை ஒதுங்கினான். நெஞ்சைத் தொட்டு "ஆ-கின், ஆ-கின்" என்றான். பெயர் என்று புரிந்தது. அதற்குமேல் அவன் சொன்ன எதுவும் யாருக்கும் புரியவில்லை. அரண்மனையில்தான் சீனப் பேரரசரின் தூதர் ஷென் இருக்கிறாரே, இரண்டு வருஷமாகத் தங்கித் தமிழ்கூடப் பேசுகிறாரே என்று இருவரையும் சபையில் நேருக்கு நேர் நிறுத்தினார்கள்.

ஷென் ஏதோ கேட்டார். ஆ-கின் விழித்தான். ஆ-கின் ஏதோ சொன்னான். ஷென் விழித்தார்.

"தூதரே, இவன் பேசுவது உங்கள் மொழிதானா?" என்றான் அரசன்.

ஷென் அவனுடைய பஞ்சைக் கோலத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "எங்கள் பேரரசரின் மொழி எனக்குத் தெரியும், மன்னா. இது அது இல்லை."

சபையின் மொழிபெயர்ப்பாளர் ஏகம்பர் இதற்காகவே காத்திருந்தார். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மன்னா! சீனத்தான் பேசினால் சீனத்தானுக்குப் புரியாமல் போகுமா? இவன் கடற்கொள்ளைக்காரர்களின் ஒற்றன். இவனுக்கு நம் அமைச்சர் வேட்டி கொடுத்துச் சோறும் போட்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கமாட்டேன்!"

"நான் கேட்பேன்," என்றான் அரசன். "கூத்தரே, இவன் சீனன்தான் என்று நாளைக்குள் நிரூபியும். முடியாவிட்டால் இவன் தலை போகும். உம்முடைய தலையைப் பற்றி அப்புறம் யோசிக்கிறேன்."

கூத்தருக்கு முதலில் தெம்பாகத்தான் இருந்தது. சீனத்தில் பேச்சு எப்படி மாறினாலும் எழுத்து ஒன்றுதான் என்று வணிகர்கள் சொல்லிக் கேட்டிருந்தார். தூதரிடம் தூரிகையும் மையும் வாங்கிக்கொண்டு சிறைக்கு ஓடினார். ஆ-கின் தூரிகையைத் தலைகீழாகப் பிடித்தான், முகர்ந்து பார்த்தான், திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்கு எழுத்தே தெரியாது.

கூத்தர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குச் சாகப்போகிறவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே, எத்தனை படித்து என்ன என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. எதிரே ஆ-கின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கப்பலில் செத்தவர்களை எண்ணினானோ, வீட்டில் இருப்பவர்களை எண்ணினானோ. ஒவ்வொரு முறையும் கடைசி விரலுக்கு முன்னால் நிறுத்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். கூத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

மறுநாள் அவர் ஒரு கன்னடத்துப் பட்டு வியாபாரியையும் சபைக்குக் கூட்டிவந்தார். வியாபாரி படபடவென்று பேசினார்.

"புரிகிறதா, மன்னா?"

"ஒரு எழவும் புரியவில்லை."

"இப்போது எண்ணச் சொல்கிறேன்."

"மூரு, நால்கு, ஐது, ஆரு, ஏளு..."

"அட, இது நம் வீட்டு மூன்று, நான்கு அல்லவா!" என்றான் அரசன்.

"பேச்சு புரியாது, மன்னா. ஆனால் உறவு தெரியும். இப்போது இவர்களைக் கேளுங்கள்." கூத்தர் தூதரையும் ஆ-கினையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு விரலைக் காட்டினார்.

"யீ," என்றார் தூதர். "யாத்," என்றான் ஆ-கின்.

இரண்டு விரல். "அர்." "யீ."

ஏகம்பர் துள்ளிக் குதித்தார். "கேட்டீர்களா! தூதருக்கு 'யீ' என்றால் ஒன்று, இவனுக்கு அதே 'யீ' இரண்டாம்! திருட்டுப் பயல்!"

அரசனின் புருவம் நெரிந்தது. அவ்வளவுதான், தொலைந்தோம் என்று கூத்தர் நினைத்தார். ஆனாலும் மூன்றாவது விரலை நீட்டினார்.

"ஸான்." "ஸாம்."

ஐந்தில் மறுபடி இடறியது. தூதர் "வூ" என்றார், இவன் மூக்காலேயே "ங்" என்றான். ஆறு வந்தது. "லியூ." "லூக்." எட்டு. "பா." "பாத்."

அரசன் தொடையைத் தட்டினான். "சரக்கு ஒன்றுதான்! தூதர் வாயைத் திறந்தபடியே விட்டுவிடுகிறார், இவன் வெடுக்கென்று மூடுகிறான். என்ன தூதரே?"

ஷென் தலை குனிந்தார். "தெற்கே காண்டன் பக்கத்தில் இப்படிப் பேசுவதாகக் கேள்வி, மன்னா. எங்கள் நாட்டில் திசைக்கொரு பேச்சு. ஒருவன் பேச்சு மற்றவனுக்குப் புரியாது. அதைச் சபையில் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை."

"நல்ல கௌரவம்! ஓய் ஏகம்பரே, உமக்கு இனி இங்கே வேலை இல்லை. துறைமுகத்தில் காக்கைகள் கத்துகின்றன, போய் மொழிபெயர்த்து வாரும்." சபை கொல்லென்று சிரித்தது. கூத்தரின் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது.

அரசன் குஷியாகிவிட்டான். ஆ-கினை அருகில் அழைத்து, "உனக்கு என்ன வேண்டும், கேள்!" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

ஆ-கினுக்கு அது விளங்கியது. பேச ஆரம்பித்தான். கடலைக் காட்டினான், மண்ணைக் காட்டினான், வாயில் அடித்துக்கொண்டான். ஊருக்குப் போகவேண்டும் என்றானா, செத்தவர்களைத் தேடித் தரச் சொன்னானா, வேறு எதையாவது கேட்டானா, யாருக்குத் தெரியும்? அரசன் தூதரைப் பார்த்தான். தூதர் உதட்டைப் பிதுக்கினார்.

"சரி, ஏதாவது கொடுத்து அனுப்புங்கள்," என்று அரசன் கொட்டாவி விட்டபடி எழுந்து போனான். சபையும் கலைந்தது.

ஆ-கின் மட்டும் போகவில்லை. கூத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, செவிடரிடம் சொல்வதுபோல் நிதானமாக, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். கூத்தர் கடைசிவரை கேட்டார். ஒரு சொல்லும் ஏறவில்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மனம் வராமல், சரி என்று தலையாட்டினார்.

ஆ-கின் அழுதுகொண்டே சிரித்தான். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

அன்று சாயங்காலம் அமைச்சர் வீட்டு வாசலில் அவன் முகம் கழுவி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றிருந்தான். எங்கே என்று கூத்தருக்குத் தெரியவில்லை.