சிரித்தால் ஓர் உயிர் குறையும்

விளையாட்டுக்கும் குரு உண்டு என்று சொன்னால் பாளையங்கோட்டையில் பலர் நம்பமாட்டார்கள். குரு நிர்மலாவுக்கு வயது முப்பத்தாறு. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சீடர் சொர்ணலிங்கத்துக்கு ஐம்பத்தொன்று. பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். வாத்தியார் எக்ஸ்ரேக்காரரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

நிர்மலா கற்றுக்கொடுத்தது கதை விளையாட்டு. ஒருவர் ஒரு கற்பனை உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் அதற்குள் வீரனாகவோ வைத்தியச்சியாகவோ திருடனாகவோ மாறி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆடுகிறவர்கள் பாதிப் பேர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். கற்றுக்கொண்ட சொர்ணலிங்கம் இப்போது ஞாயிறுதோறும் தன் வீட்டில் மூன்று பேருக்குக் கதை சொல்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நிர்மலா பின்வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சொர்ணலிங்கம் ஒரு பெரிய நோட்டோடு வந்து நின்றார். முகம் சரியில்லை.

“யாரும் வரல டீச்சர்.”

“மூணு பேருமா?”

“மூணு பேரும். பத்து மணிக்கு நாற்காலி எல்லாம் போட்டு, பஜ்ஜிக்கு மாவும் கரைச்சு வச்சிட்டேன். பன்னிரண்டு மணி வரைக்கும் பார்த்தேன்.”

அவர் மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. மகள் புனேயில் இருக்கிறாள். அந்த மூன்று பேரைத் தவிர அவர் வீட்டுப் படியேறும் ஆள் வேறு கிடையாது. ஞாயிறு நாலு மணி நேரம்தான் அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்கும். இதை அவர் வெளியே சொன்னதில்லை. நிர்மலாவுக்குத் தெரியும்.

“உக்காருங்க அண்ணாச்சி. என்ன நடந்தது?”

“சிரிக்காங்க டீச்சர். எதுக்கெடுத்தாலும் சிரிப்பு. அதை எப்படி நிறுத்தணும்னு கேக்கத்தான் போன வாரமே வரணும்னு இருந்தேன்.”

“கதையைச் சொல்லுங்க. முதல்ல இருந்து.”

சொர்ணலிங்கம் நோட்டைத் திறந்தார். ஆறு மாதமாக எழுதிய உலகம். ஏழு கோட்டை, மூன்று ஆறு, அரசர்களின் பரம்பரை, கருங்காலன் என்ற அசுரன், அவன் அனுப்பிய கொள்ளைநோய். அரைமணி நேரம் வாசித்தார். நிர்மலா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மீன்தான் ஒவ்வொன்றாகச் சுத்தமாகிக்கொண்டிருந்தது.

“அப்புறம் அந்த ஆடு வந்தது,” என்றார் சொர்ணலிங்கம்.

“எந்த ஆடு?”

“என் நோட்டுல கிடையாது. சந்தையில வாள் வாங்கப் போன முபாரக், பகடை சரியா விழாம ஒரு வெள்ளாட்டைப் பிடிச்சுட்டு வந்துட்டாரு. தில்லைவனம் சார் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கிளார்க்குல்லா, அவர் உடனே அதுக்கு சூப்பிரண்டுன்னு பேரு வச்சிட்டாரு.”

“ஏன்?”

“எந்தப் பேப்பரைக் கொடுத்தாலும் வாயில வச்சுக்கிடுமாம், திருப்பித் தராதாம்.”

நிர்மலா தலையை ஆட்டினார்.

“ராஜாவோட ஓலையையே தின்னுட்டு டீச்சர். நான் அஞ்சு நாளா யோசிச்சு செய்யுள் மாதிரி எழுதின ஓலை. ராஜா கோவத்துல எந்திரிச்சா, ஜெசிந்தா குறுக்க வந்து, ‘மன்னா, கோப்பு பரிசீலனையில் இருக்கிறது’ன்னு சொல்லுதா. ராஜாவா பேசுறது நான். எனக்கு...”

சொர்ணலிங்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

“அதான் அதைக் கொன்னுட்டேன்,” என்றார்.

நிர்மலாவின் கை நின்றது. “எப்படி?”

“அசுரனோட ஒற்றன் விட்ட அம்பு. ஒரே அம்பு.”

“பகடை உருட்டினீங்களா?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். “இல்ல.”

இந்த விளையாட்டில் கதை சொல்பவர் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான். பகடையைக் கேட்காமல் ஓர் உயிரை எடுப்பது. நிர்மலா திட்டவில்லை. அடுத்த மீனை எடுத்தார்.

“அப்பவாவது கதை கதையா இருக்கும்னு நினைச்சேன்,” என்றார் சொர்ணலிங்கம். “மேசையில சத்தமே இல்ல. ஜெசிந்தா அழுதுட்டா. அப்ப பார்த்து தில்லைவனம், ‘சூப்பிரண்டு பணியில இருக்கும்போது காலமாயிட்டாரு, வாரிசுக்குக் கருணை அடிப்படையில வேலை கொடுக்கணும்’னு ஆரம்பிச்சாரு. அழுதுக்கிட்டே ஜெசிந்தா சிரிக்கா. எனக்கு ஆத்திரம் வந்துட்டு. மேசையில ஓங்கித் தட்டி ஒரு சட்டம் போட்டேன்.”

“என்ன சட்டம்?”

“இனி இந்த மேசையில சிரிச்சா, சிரிச்சவங்களுக்கு விளையாட்டுல ஓர் உயிர் குறையும்.”

“பிறகு?”

“யாரும் சிரிக்கல. ரெண்டு மணி வரைக்கும் இருந்துட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு வரல.”

நிர்மலா மீன் சட்டியை மூடி வைத்தார்.

“கொள்ளைநோயில எத்தனை பேர் செத்தாங்க அண்ணாச்சி?”

“பன்னிரண்டாயிரம்.”

“அதுக்கு யாரு அழுதா?”

சொர்ணலிங்கம் நோட்டைப் பார்த்தார். அதில் எழுதியிருக்கும் என்பதுபோல.

“அதை வாசிச்சு முடிச்சதும் முபாரக் டீ இருக்கான்னு கேட்டாரு,” என்றார் மெதுவாக.

நிர்மலா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “ஜெசிந்தாவுக்குப் போன் போடுங்க.”

“என்னன்னு பேசுறது?”

“போடுங்க. சத்தமா வைங்க, நானும் கேக்கேன்.”

நாலாவது மணியில் ஜெசிந்தா எடுத்தாள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பக்கத்தில் ஏதோ இயந்திரம் கூவிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“நான் பகடை உருட்டல ஜெசிந்தா. உருட்டியிருக்கணும். தப்புதான்.”

“ஆடு செத்ததுல எனக்குக் கோவம் இல்ல அண்ணாச்சி. கதைன்னா சாவு இருக்கும்.”

“அப்ப ஏன் வரல?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்த வாரம் எங்க வார்டுல நாலு பேர் போயிட்டாங்க. வாரம் பூரா முகத்தை ஒரே மாதிரி வச்சிருக்கேன். அங்க சிரிச்சா தப்பு. உங்க வீட்டுலயும் சிரிச்சா தப்புன்னா நான் எங்க போவேன்?”

சொர்ணலிங்கம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“சட்டத்தை எடுத்துட்டேன். இப்ப, இந்த நிமிஷம் எடுத்துட்டேன்.”

“நிசமாவா?”

“நோட்டுலயே அடிச்சிடுதேன்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. “முபாரக் பாயும் தில்லைவனம் சாரும் இதுக்குத்தான் காத்திருக்காங்க. இன்னைக்குக் காலையிலகூட போன் போட்டு, ‘நீ போனா நாங்களும் போறோம்’னு சொன்னாங்க. அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? சூப்பிரண்டுக்குக் குட்டி ஏதாவது இருந்ததா?”

சொர்ணலிங்கம் நிர்மலாவைப் பார்த்தார். நிர்மலா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொறு,” என்றார். சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்துச் சிமெண்டுத் தரையில் உருட்டினார். அது மீன் செதிலில் வழுக்கிப்போய் நின்றது. குனிந்து பார்த்தார்.

“மூணு,” என்றார். “மூணு குட்டி. மூணும் அம்மையை மாதிரியே பேப்பர் தின்னும்.”

ஜெசிந்தா சிரித்தாள். அவரும் சிரித்தார். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்தச் சிரிப்பில் இறங்கிப் போனதை அவரே உணர்ந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடுதோம்,” என்று சொல்லி அவள் வைத்தாள்.

நிர்மலா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சொர்ணலிங்கம் வாசற்படியில் உட்கார்ந்து நோட்டில் அந்தச் சட்டத்தைக் குறுக்கே அடித்தார். இரண்டு தடவை அடித்தார். அதன்பிறகும் அவருக்குள் இருந்த வாத்தியார் ஓயவில்லை.

“ஒரு சந்தேகம் டீச்சர். அவங்க இப்படியே சிரிச்சுக்கிட்டிருந்தா, கடைசியில கருங்காலன் படையோட வரும்போது யாரு பயப்படுவா?”

நிர்மலா முதல் மீனை எண்ணெயில் விட்டார்.

“அசுரன் ஊருக்குள்ள வந்துட்டான்னு அடுத்த வாரம் சொல்லிப் பாருங்க அண்ணாச்சி. வாளை எடுக்கறதுக்கு முன்னால, அந்த மூணு குட்டியையும் தூக்கி உள்ள விட்டுக் கதவைப் பூட்டுவாங்க.”

சொர்ணலிங்கம் நோட்டைப் புரட்டி, கருங்காலன் படையோடு வரும் பக்கத்தில் ‘மூன்று குட்டிகள்’ என்று எழுதினார்.