அரும்பு வாசித்த கல்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், ஏழு மலைக்கு அந்தப்பக்கம், பொன்னூற்று நாட்டில் காளத்தி என்று ஒரு விறகுவெட்டி இருந்தான். அவன் மனைவி நாகாத்தாள். ஐந்து வயது மகள் அரும்பு.

ஒருநாள் காளத்தி, மந்திரவாதி கரிமுகனின் காட்டில் ஒரு காய்ந்த கிளையை வெட்டிவிட்டான். வந்ததே கோபம் கரிமுகனுக்கு! ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான். காளத்தி கல்லாய் நின்றான். கல்லின் மார்பில் ‘படம்’ என்ற சொல் எழுந்தது.

ஓடிவந்து அழுத நாகாத்தாளைப் பார்த்துக் கரிமுகன் சிரித்தான். “உன் மகள் இதை வாசித்தால் புருஷன் பிழைப்பான். நீ வாசித்தால் பலிக்காது. அவள் கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தாலும் பலிக்காது. மூன்றே நாள் கெடு!”

வீட்டுக்கு வந்தவள் அடுப்புக்கரியால் சுவரில் எழுதினாள்.

“இது படம். சொல்லு கண்ணு.”

“படம்!”

‘ட’வை மட்டும் தொட்டுக் காட்டி, “இது?”

“படம்!”

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். நாகாத்தாள் கையை ஓங்கிவிட்டாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. ஓங்கிய கை தானாகத் தாழ்ந்தது. மகளை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுப்பில் கஞ்சி கொதித்தது. ப்... ப்... ப்...

அரும்பு அழுகையை மறந்து, “ப்... ப்...” என்று உதட்டை ஒட்டி ஒட்டித் திறந்தாள்.

நாகாத்தாள் துள்ளி எழுந்தாள். “இதோ பார் கண்ணு! இந்த எழுத்தும் அதே சத்தம்தான் போடும்!”

முதல் நாள் கஞ்சியோடு ‘ப’ வந்தது. இரண்டாம் நாள் கீரைத்தண்டு நறுக்கும்போது, ட்... ட்... ட்... என்று ‘ட’ வந்தது. மூன்றாம் நாள் நாக்கில் கருப்பட்டி கரைய, ம்ம்ம்... என்று ‘ம்’ வந்தது.

“இதுக்கு மட்டும் ஏம்மா தலையில புள்ளி?”

“புள்ளி வச்சா சத்தம் சட்டுனு நின்னுடும். புள்ளி இல்லேன்னா வாயைத் திறக்கணும். ம்... ம!”

அன்று சாயங்காலம் இருவரும் காட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் கரிமுகன் முன்பே கல்லாக்கிய மனிதர்கள், ஒவ்வொரு மார்பிலும் ஒரு சொல். அரும்பின் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்ததுமே கரிமுகனுக்குத் திக்கென்றது. விரலைச் சொடுக்கினான். நடுவில் ஒரு ‘ட்’ புகுந்து, ‘படம்’ ‘பட்டம்’ ஆனது!

“ஐயோ, நான் சொல்லிக்கொடுத்த சொல் இது இல்லையே!” என்று பதறினாள் நாகாத்தாள்.

“கல்லில் இருப்பதைத்தானே வாசிக்கச் சொன்னேன்?” என்றான் அவன்.

அரும்பு எழுத்தின்மேல் விரல் வைத்தாள். “ப...”

கல்லின் கால் அசைந்தது.

“ட... இல்ல, இல்ல. புள்ளி இருக்கு. ட்!”

கல்லின் கை அசைந்தது.

“ட... ம்... ப-ட்-ட-ம். பட்டம்! அம்மா, பட்டம்!”

கல் வெடித்தது. காளத்தி பெருமூச்சு விட்டுக் கண் திறந்தான். கரிமுகன் கைச் சாம்பலை ஊதினான், ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான். ஒரு எறும்புகூடக் கல்லாகவில்லை. கல்லாக்கும் மந்திரம் போயே போய்விட்டது. தலைதெறிக்க ஓடியவன் திரும்பவே இல்லை.

நாகாத்தாள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகுதான் கவனித்தாள்: மகள் பக்கத்தில் இல்லை.

அரும்பு அடுத்த கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “அம்மா, இந்த எழுத்து என்ன சத்தம் போடும்?”

அதன்பிறகு அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு சுவரெல்லாம் கரி எழுத்து, அடுப்படியெல்லாம் சத்தம். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து வாசிக்க வாசிக்க, அந்த மாரிக்காலம் முடிவதற்குள் கடைசிக் கல்லும் எழுந்து வீட்டுக்கு நடந்தது.