கடித்த மிளகாயின் நிறம்

கோட்டைச்சாமி மிளகாய்க் களம் வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு படம் வரையும் ஆசை வந்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஓவிய டீச்சர் பிலோமினாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர்.

கோட்டைச்சாமியின் படத்தில் குறையே சொல்ல முடியாது. ஒரு மிளகாயைத் தாளோரம் வைத்துக்கொண்டு, அதே சிவப்பு வரும்வரை பெயிண்டைக் கலக்குவார். அப்புறம்தான் பிரஷ் தாளைத் தொடும்.

அப்படித்தான் தன் களத்தையும் வரைந்தார். மனைவி பூமயில் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. என் போன்லயும் இதே படம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மிளகாய் கிளறப் போய்விட்டாள்.

அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. இனி வரைவதில்லை, பெயிண்ட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டீச்சர் வீட்டுக்குப் போனார்.

மேஜையில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. நூறு வருஷத்துக்கும் முன்னால் பிரான்சில் வரைந்தவர்களாம். போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயராம். மரம் நீலம், மண் ரோஸ், ஒரு மனுஷன் முகம் பச்சை.

"இவங்களுக்கெல்லாம் கண்ணு கோளாறா டீச்சர்?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பெட்டியோடு களத்துக்கு வரச் சொல்லி முன்னால் நடந்தார்.

களத்தில் உச்சி வெயில். பூமயில் பலகையால் மிளகாயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். டீச்சர் நல்ல காய்ந்த மிளகாயாக ஒன்றைப் பொறுக்கி நீட்டினார். கோட்டைச்சாமி வழக்கம்போல் அதைத் தாளோரம் வைக்கப் போனார்.

"அங்க இல்லண்ணே. வாயில."

கடித்தார். அடுத்த நிமிஷம் குதித்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. பூமயில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தாள். டீச்சர் செம்பை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, பிரஷை அவரிடம் நீட்டினார்.

"முதல்ல படம்."

அப்புறம் அவர் கை நிற்கவேயில்லை. சிவப்பு போதாமல் ஆரஞ்சை வழித்து அப்பினார். களம் திகுதிகுவென்று எழும்பியது. பனைமரங்கள் நெளிந்தன. வானத்துக்குப் பச்சையை இழுத்தார். தண்ணீர் கேட்கவே மறந்துபோனார்.

முடித்துவிட்டுப் பார்த்தால் அவருக்கே பயமாக இருந்தது.

பூமயில் எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து அந்தக் களத்திலேயே நின்றவள், அதுவரை மூக்கைப் பொத்தாதவள், முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போனாள்.

கோட்டைச்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு சந்தேகம்.

"டீச்சர், வானம் பச்சையா இல்லையே. யாராவது கேட்டா என்ன சொல்றது?"

டீச்சர் செம்பை அவரிடம் கொடுத்தார்.

"கேக்குறவங்க கையில ஒரு மிளகாயக் குடுங்கண்ணே."