தூங்குகிறார், எழுப்பாதீர்கள்

கிரேக்க நாட்டின் மலைக்குகை ஒன்றில் இரவின் தெய்வம் நிக்ஸுக்குக் கோயில் இருந்தது. யாரும் போய் அவளிடம் கேள்வி கேட்கலாம். அவள் பதில் சொல்ல மாட்டாள். கேட்டுவிட்டு, மனம் அடங்கும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்து எழுந்து போவதுதான் வழக்கம்.

பூசாரி பிலின்னாவின் சீடன் தோரியோனுக்கு எல்லார் குரலும் வரும். ஆட்டு வியாபாரி, ஊர்த்தலைவர், அவர் மனைவி, ஆடு. பிலின்னாவின் இருமலைக்கூட விடமாட்டான்.

ஒருநாள் மெலித்தா என்பவள் குகைக்கு வந்தாள். அவள் கணவன் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை.

“தாயே, உன் இரட்டைப் பிள்ளைகளில் அவர் யாரிடம் இருக்கிறார்? தூக்கத்தின் தேவன் ஹிப்னோஸிடமா, சாவின் தேவன் தனதோஸிடமா?”

தோரியோன் சிலைக்குப் பின்னால் நின்று, கைகளை வாயருகே குவித்துச் சொன்னான்:

“தூக்கத்திடம்தான், மகளே.”

மெலித்தா சிரித்துக்கொண்டே ஓடினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் காலை அவளுடைய கொழுந்தன் மூச்சிரைக்க வந்தான்.

“அண்ணன் உடல் கரை ஒதுங்கிவிட்டது, அம்மா. அண்ணி புதைக்க விடமாட்டேன் என்கிறாள். ‘தூங்குகிறார், எழுப்பாதீர்கள்’ என்று ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நிக்ஸே வாய் திறந்து சொன்னாளாம்.”

தோரியோனின் உதடுகள் பழக்கத்தில் கொழுந்தனைப்போலவே அசைந்தன. பிறகு நின்றன.

கொழுந்தன் போனதும் பிலின்னா சீடனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“கேலித் தேவன் மோமஸும் நிக்ஸ் பெற்ற பிள்ளைதானே, அம்மா?”

“ஆமாம். அவனை அடுத்து யாரைப் பெற்றாள்?”

“ஓய்ஸிஸை.”

“யார் அவள்?”

“துயரம்.”

குகைக்குள் எங்கோ நீர் சொட்டியது.

“மெலித்தாவை மறுபடி வரச்சொல்லுங்கள். அதே குரலில் ‘சாவிடம்தான்’ என்று சொல்லிவிடுகிறேன். நம்பிவிடுவாள்.”

“நம்புவாள். நேற்று கணவனைக் கொடுத்தவளே இன்று பிடுங்கிக்கொண்டாள் என்றும் நம்புவாள்.”

அவன் காதுமடல்கள் சிவந்தன.

“நீங்கள் போய்ச் சொல்லக்கூடாதா? உங்களுக்கு ஊரில் மரியாதை உண்டு.”

“உண்டு.”

“நான் போனால் முகத்தில் துப்புவாள்.”

“துப்பட்டும்.”

“நான்தான் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன், அம்மா?”

பிலின்னா எழுந்து சுனைக்குப் போனாள். பெரிய குடம் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்து அவன் தோளில் ஏற்றினாள். அவன் கால்கள் தள்ளாடின.

“இது எதற்கு?”

“நீ சொல்லி முடித்ததும், உடலைக் கழுவ அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும்.”