சீர் அண்டாவுல ஒரு கருவேப்பிலைக் கன்னு

ஒரு ஊர்ல ஒரு ஞானசுந்தரி இருந்தா. ராஜா இல்லியான்னு கேக்காத. ராஜால்லாம் கருவேப்பில வளக்க மாட்டான். ம் கொட்டு.

அவ இருந்தது மூணாவது மாடி. மண்ணைப் பாக்கணும்னா படி எறங்கணும். அவ அம்மா தவறிப்போனதும் அம்மா வீட்ட வித்துட்டாங்க. வாங்கினவன் கொல்லையில அம்மா வச்ச கருவேப்பில மரத்த வெட்டப்போறானாம். ஓடிப்போய் வேரோட மூணு கன்னு பிடுங்கிட்டு வந்தா. பஸ்ஸுல மடியில வச்சுக்கிட்டு, இடிச்சவங்களோடெல்லாம் சண்ட.

அப்புறம் மொதல் கன்ன புது பக்கெட்டுல வச்சா. கீழ்வீட்டு ரோசலின் வந்து பாத்தா.

"அக்கா, அடியில ஓட்டை போடுங்க. தண்ணி வடியலன்னா வேர் அழுகிடும்."

"நல்ல பக்கெட்டுல எவளாவது ஓட்டை போடுவாளா?"

தண்ணி ஊத்தினா, சளக். மறுநாளும் சளக். கன்னு செத்துப்போச்சு.

அப்புறம் ரெண்டாவது. பாயசம் வைக்கிற எவர்சில்வர் தூக்கு. அதுல அவ பேர் வேற வெட்டியிருக்கு. பேர் வெட்டின பாத்திரத்துல ஓட்டையா? சளக், சளக். அதுவும் போச்சு. ரோசலின் வந்து தூக்குக்குள்ள எட்டிப் பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டு போயிட்டா.

தூங்கிட்டியா? ம் வரல. ஆங், இப்ப வந்துச்சு. சரி.

மூணாவதுதான் கடைசி. அங்க வீட்ட வாங்கினவன் மரத்த வெட்டிட்டு கார் நிறுத்துறான். இதுவும் போனா அம்மா செடி எங்கயுமே கெடையாது. அதனால ஞானசுந்தரி வீட்லயே உசந்த பாத்திரத்த எடுத்தா. அம்மா சீரா குடுத்த பித்தள அண்டா. பரண்லேந்து எறக்கி, புளி போட்டு பளபளன்னு தேச்சு, அதுல வச்சா.

சளக்.

இல மஞ்சளாயிடுச்சு. பொலபொலன்னு கொட்டுது. அப்போ ரோசலின் ஆணியும் சுத்தியலும் கொண்டாந்து பக்கத்துல வச்சா.

"சீர் அண்டாடீ!"ன்னு அழுதா ஞானசுந்தரி. நல்லா அழுதா. மூக்க சிந்தினா. அப்புறம், "அண்டா கடையில வாங்கினது. செடி அம்மா கையால வச்சது"ன்னு சொல்லிட்டு, அண்டாவ சாய்ச்சு, டங்! டங்! டங்!

குபுகுபுன்னு தண்ணி பால்கனி வழியா போய், கீழ காயப்போட்ட ரோசலின் பொடவ மேல கொட்டுச்சு. அவ திட்டினது உனக்கு வேண்டாம்.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு துளிர் விட்டுச்சு. அப்புறம் பக்கத்துலயே குட்டிக் கன்னுங்க. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தா. நம்ம பால்கனியில நிக்குதே, அது அதுல ஒண்ணு. மத்தியானம் ரசத்துலேந்து பொறுக்கி தட்டு ஓரமா ஒதுக்கினியே, அந்த இலதான்.

ம் கொட்டவேண்டாம். நாளைக்குத் தின்னு. கத வடிஞ்சாச்சு, கண்ண மூடு.