சிவக்காத ஆரத்தி

மலையடிவார மடத்தில் குருவுக்கு வயது நாற்பது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தைந்து. அதனால் குரு அவரை "அண்ணாச்சி" என்பார், அவர் குருவைச் "சாமி" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

அன்று காலை ஆவுடையப்பனுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மகள் செண்பகவல்லி வருகிறாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், பல வருஷம் கழித்து, புருஷனோடும் கைக்குழந்தையோடும். மடத்தில் பெண்கள் யாரும் இல்லை. ஆரத்தி கரைக்கிற வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

"சாமி, நான் பின்வாசல் வழியா மலைக்குப் போயிடறேன். நீங்களே வரவேத்துடுங்க."

"ஏன் அண்ணாச்சி?"

"உங்க பக்கத்துல இருக்கிற வரைக்கும் நான் சாது. அந்தப் பையன் மூஞ்சியைப் பார்த்தா வாய்க்கு வந்தபடி கத்திடுவேன். இன்னைக்கும் கத்தினா, மக இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டா. இத்தனை வருஷம் தியானம் பண்ணி என்ன பிரயோஜனம்? எது வந்து விழுந்தாலும் நிறம் மாறாத மனுஷனா என்னை எப்பத்தான் ஆக்குவீங்க?"

"முதல்ல ஆரத்தியைக் கரைங்க" என்றார் குரு.

ஆவுடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினார். சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டுக் கலக்கினார். சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டார். ஊஹூம்.

"என்ன சுண்ணாம்பு சாமி இது? நிறமே மாறலையே!"

குரு எட்டிப் பார்த்தார். "நீங்க கேட்டது கிடைச்சாச்சு அண்ணாச்சி. எது விழுந்தாலும் நிறம் மாறாத தண்ணி. இதையே எடுத்துட்டுப் போய்ச் சுத்துவோமா?"

"விளையாடாதீங்க சாமி. இதுல என்ன குறை?"

"மஞ்சள் போட்டீங்களா?"

ஆவுடையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பதற்றத்தில் மஞ்சளையே மறந்துவிட்டார் மனுஷன்! ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் விழுந்ததுமே தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

குரு அதோடு விட்டாரா? பூஜைக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி, இரண்டு மூடியையும் ஒட்டப் பிழிந்தார். சிவப்பு போன இடம் தெரியவில்லை. தாம்பாளம் மஞ்சளாகிவிட்டது.

"ஐயையோ, என்ன காரியம் பண்ணீங்க! கார் சத்தம் கேக்குதே!"

"அதனால என்ன? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்க."

போட்டார். அது பாட்டுக்குச் சிவந்தது. ஆவுடையப்பன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம். குழந்தை ஒன்று கலகலவென்று சிரித்தது. அதைக் கேட்டதும் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நிலைப்படி வரைக்கும் போய்த் திரும்பினார்.

"சாமி, அவனைப் பார்த்ததும் நான் சிவந்துட்டேன்னா?"

"சிவந்தா சிவந்துட்டுப் போங்க அண்ணாச்சி. உள்ளே மஞ்சள் இருக்குன்னு உங்க மகளுக்குத் தெரியட்டும்."